ருக்கு நம்பர்

மூன்றாம் மாடிக்குப் பழைய போன் வாங்க வருகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்பார்கள்: "ருக்கு நம்பர் எவ்வளவு?" அப்படிக் கேட்பவர்களில் பாதிப் பேர் ருக்குமணியை நேரில் பார்த்ததுகூட இல்லை. லிஃப்ட் பக்கத்து மூலைக்கடைச் சீனர் அந்தப் பெயரைத் தமிழர் மாதிரியே சுத்தமாகச் சொல்வார். ஆறு வருடமாக அந்த மாடியில் அப்படித்தான்.

தீவு நகரமான ஜார்ஜ்டவுனின் நடுவில் இருக்கும் பழைய வணிகக் கட்டடம் அது. மூன்றாவதுதான் உச்சி மாடி. முப்பது கடைகளுக்கு மேல் இருக்கும், எல்லாமே போனும் லேப்டாப்பும். எந்தப் போனைக் கையில் எடுத்தாலும் அதன் முதுகில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கும். அதில் கறுப்பு மையில் ஓர் எண். போனின் வேகத்தை அளந்து சொல்ல ஒரு ஆப் உண்டு. அதை ஓடவிட்டால் பன்னிரண்டு நிமிடம் போனைப் போட்டு வதைக்கும். திரையில் பனிமலை தோன்றும், கப்பல் கவிழும், ஆயிரம் பந்துகள் ஒரே நேரத்தில் உருளும். முடிவில் நான்கு லட்சத்துச் சொச்சம் என்று ஒரு எண் வரும். கடைசி மூன்று இலக்கத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். நானூற்றி இரண்டு, முன்னூற்றி எண்பது என்பதோடு சரி. எண் பெரிதானால் போன் வேகமானது.

அந்த ஆப் எல்லாருடைய கையிலும் இருக்கிறதே, ருக்குமணியிடம் ஏன் கொண்டுவர வேண்டும் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். அவர்களே சோதித்துப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும். அதே போன் காலையில் ஓர் எண் காட்டும், மத்தியானம் வேறு எண் காட்டும். போன் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ருக்குமணியின் எண் மட்டும் அசையாது. இன்றைக்கு நானூற்றி இரண்டு என்று எழுதிக் கொடுத்தால், அடுத்த மாதம் கொண்டுவந்து கேட்டாலும் அதையேதான் எழுதுவாள்.

அவளுடைய வித்தை ஒரு குளியல் துண்டில் இருந்தது. கடையின் முன்னால் உள்ள கண்ணாடி அலமாரிக்குள் வரிசையாக விளக்குகள் எரியும். மேல் கண்ணாடி எப்போதும் கதகதவென்று இருக்கும். சோதிக்க வேண்டிய போனை அந்தக் கண்ணாடிமேல் படுக்க வைத்து, துண்டை நாலாக மடித்துப் போர்த்தி, அரை மணி நேரம் விட்டுவிடுவாள். அதற்குப் பிறகுதான் சோதனை. வெளியே மழை கொட்டினாலும் வெயில் பிளந்தாலும் துண்டுக்கு உள்ளே ஒரே பருவம். எதிர் வரிசையில் போன் உறை விற்கும் பக்கிரிசாமி போகும்போதும் வரும்போதும், "என்ன தங்கச்சி, போனுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

இதை அவள் எங்கும் போய்ப் படிக்கவில்லை. கடலுக்கு அக்கரையில், தாசேக் கெலுகோர் தோட்டத்தில் அப்பா எண்ணெய்க்காகச் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தார். பள்ளியில் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்த கையோடு, பதினெட்டு வயதில், அதே கரையில் பிறை என்ற ஊரில் ஒரு ஃபேக்டரியில் சேர்ந்தாள். கம்ப்யூட்டர் பலகைகளைச் சூட்டு அறையில் அடுக்கி, மணிக்கணக்கில் காய வைத்து, சூட்டோடு சூடாகச் சோதித்து, தாங்காததைக் கழித்துக் கட்டுகிற பகுதி. கல்யாணம் ஆகி, புருஷன் ராமதாசுடன் தீவில் சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டுக்கு வந்த பிறகும் கம்பெனி பஸ் ஏறிப் பாலத்தைத் தாண்டிப் போய் வந்தாள். இருபத்தொரு வருடம். ஒருநாள் அந்தப் பகுதியையே வேறு தேசத்துக்கு மாற்றிவிட்டார்கள். கையில் கொஞ்சம் காசும் ஒரு பாராட்டுப் பத்திரமும் கொடுத்தார்கள். காசு இந்தக் கடையாயிற்று. பத்திரம் எங்கே போயிற்றென்று தெரியாது. சூடு காட்டிப் பார்க்காத எதையும் நம்பக்கூடாது என்பது மட்டும் கையோடு வந்து ஒட்டிக்கொண்டது.

இப்படி நாற்பத்தைந்து வயது வரை யார்மீதும் பெரிதாகப் பொறாமைப்படாமல் இருந்தவள்தான். பொறாமைப்பட நேரம் கிடைக்கவில்லை என்று சொன்னாலும் தப்பில்லை. பதினோரு மாதத்துக்கு முன்னால் எதிர்க்கடையை ராகினி எடுத்தாள்.

ராகினிக்கு இருபத்தொன்பது வயது. கம்ப்யூட்டர் படித்துப் பட்டம் வாங்கியவள். கோலாலம்பூரில் நல்ல வேலையில் இருந்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்பியவள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே குமாஸ்தா உத்தியோகம் பார்த்த குடும்பம். தாத்தா ரயில்வேயில், அப்பா கந்தப்பு நில அலுவலகத்தில். கடை திறந்த முதல் நாளே ருக்குமணியிடம் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, "அக்கா, நானும் நம்பர் போடலாம் என்று இருக்கிறன். உங்களுக்கு ஒன்றும் இல்லைத்தானே?" என்று கேட்டாள். எனக்கென்ன வந்தது, போடு என்று ருக்குமணி சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

ராகினி மஞ்சள் சீட்டு ஒட்டவில்லை. கடைக்கு வெளியே பெரிய திரை ஒன்றை மாட்டினாள். அதில் ஒவ்வொரு போனுக்கும் ஒரு வண்ணக் கோடு, கோட்டின் நுனியில் எண். வாரா வாரம் மாறும். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். சோதிக்கிற போனை ஓர் அலுமினியத் தட்டின்மேல் வைப்பாள். பக்கத்தில் சிறிய காற்றாடி ஒன்று சுற்றும். ருக்குமணி நானூற்றி இரண்டு என்று எழுதிய அதே மாடல் அங்கே நானூற்றி முப்பதைத் தாண்டியது.

மோட்டார் சைக்கிளில் சாப்பாடு டெலிவரி ஓட்டும் சாஹித் இத்தனை வருடமாக ருக்குமணியிடம்தான் போன் வாங்குவான். அவன் ஒருநாள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றான்.

"அக்கா, அங்க இதே போன் நானூத்தி முப்பது லா. உங்க போன் மட்டும் ஏன் சோம்பேறியா இருக்கு?"

"அது காத்துல ஓடுற நம்பர் தம்பி. நீ அதை மோட்டார்ல மாட்டி வெயில்ல ஓட்டிப் பாரு, என் நம்பர்தான் வரும்."

அவன் தலையை ஆட்டினான். ஆட்டிவிட்டு எதிர்க்கடைக்குப் போய் அங்கேயே வாங்கினான். முதுகைக் காட்டிக்கொண்டு அவன் பையிலிருந்து காசை எடுத்ததை ருக்குமணி கடைசி வரை பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு எதிர்க்கடையைப் பார்ப்பதே பாதி வேலையாகிவிட்டது. நேராகப் பார்க்க மாட்டாள். அணைந்த போன் திரை ஒன்றைக் கையில் சாய்த்துப் பிடித்தால் எதிர்க்கடை அதில் தெரியும். காலையிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் உட்கார்ந்தார்கள், யார் சிரித்தார்கள் எல்லாம் மனதில் ஏறிவிடும். ராகினியின் வெள்ளைக் காலணி எப்படி அழுக்காகாமல் இருக்கிறது என்று யோசிப்பாள். அவள் அம்மா வள்ளிநாயகி மத்தியானம் அடுக்குச் சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால், உடம்புக்கு முடியாதவள் என்றார்களே, படி ஏற மட்டும் முடிகிறதாக்கும் என்று நினைப்பாள். ராகினி ஆமாம் என்பதற்கு 'ஓம்' என்பாள். அதுகூட மந்திரம் சொல்கிற திமிராகப் பட்டது. தமிழ், மலாய், இங்கிலீஷ், கொஞ்சம் ஹொக்கியன் சீனம் என்று ஆளுக்கேற்றபடி அவள் மாறி மாறிப் பேசும்போது ருக்குமணிக்கு வயிற்றில் யாரோ காய்ந்த மிளகாயை வறுக்கிற மாதிரி இருக்கும்.

வீட்டிலும் இதே பேச்சு. ராமதாஸ் பிறையில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். மோட்டாரோடு ஃபெர்ரியில் வந்து இறங்கி, குளித்து, தட்டின் முன் உட்காருவதற்குள் ராகினி வந்துவிடுவாள். இன்றைக்கு அவள் என்ன போட்டிருந்தாள், எத்தனை போன் போயிற்று, யாரோடு பேசினாள். ஒருநாள் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, அந்தப் பிள்ளைக்கும் ஒரு தட்டுப் போட்டுவிடு, தினமும் நம்மோடுதானே சாப்பிடுகிறது என்றார். ருக்குமணி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

பிரச்சினை சங்கத்துக்குப் போனது அவளால் அல்ல, வாங்குகிறவர்களால். ஒரே போனுக்கு இரண்டு எண். ஒருவர் மஞ்சள் சீட்டைக் காட்டி விலையைக் குறை என்பார், விற்கிறவர் எதிர்க்கடைத் திரையைக் காட்டி முடியாது என்பார். வாரத்துக்கு இரண்டு சண்டை. மாடிக் கடைக்காரர் சங்கத்துக்குப் பக்கிரிசாமிதான் தலைவர். அவர் எல்லாரையும் கூப்பிட்டுப் பேசினார். அடுத்த மாதத்திலிருந்து மாடி முழுவதற்கும் ஒரே சீட்டு, ஒரே ஆள் எண் போடட்டும், எல்லாக் கடைப் போனும் அவரிடமே போகட்டும் என்று முடிவாயிற்று. யார் என்பதுதான் கேள்வி.

பக்கிரிசாமி போன் உறை விற்க வருவதற்கு முன்னால் பாசாரில் மீன் விற்றவர். புதுத் தராசு வாங்கினால் ஒரே மீனைக் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை நிறுத்துப் பார்ப்பாராம்.

"எது பெருசுங்கிற பேச்சே வேணாம்," என்றார். "பெரிய எடை காட்டுற தராசு நல்ல தராசா? ரெண்டு பேருக்கும் அஞ்சு அஞ்சு போன் குடுப்போம், ஒரே மாடல், சோடி சோடியா. சனிக்கிழமை காலைல ஒரு தடவை போடுங்க, மத்தியானம் ஒரு தடவை போடுங்க. யாரோட நம்பர் அசையலையோ அவங்கதான்."

ருக்குமணிக்குச் சிரிப்பு வந்தது. அசையாமல் இருப்பது அவளுடைய தொழில் அல்லவா. அன்று வீட்டில் முருங்கைக்கீரை வதக்கிக்கொண்டே, போட்டியே இல்லை, என் துண்டு பார்த்துக்கொள்ளும் என்று ராமதாசிடம் சொன்னாள். பல வாரத்துக்குப் பிறகு ராகினியின் பெயர் இல்லாமல் இருவரும் சாப்பிட்டார்கள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஆரம்பம். மாடியே கூடிவிட்டது. சாஹித் இரண்டு ஆர்டரை விட்டுவிட்டு வந்து நின்றான். பக்கிரிசாமி ஒரு பலகையில் இரண்டு பெயரையும் எழுதி, கீழே கட்டம் போட்டு, மார்க்கர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டார்.

ருக்குமணி முதல் போனைக் கண்ணாடிமேல் படுக்க வைத்தாள். துண்டை எடுத்து உதறிப் போர்த்தினாள். அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். எதிரே ராகினி தட்டின்மேல் போனை வைத்து, பக்கத்தில் ஒரு சிறிய வெப்பமானியை ஒட்டி, அது காட்டுவதைப் பார்த்துவிட்டு உடனே ஓடவிட்டாள். பன்னிரண்டு நிமிடத்தில் முதல் எண் வந்தது.

"நானூத்தி முப்பத்தேழு," என்று பக்கிரிசாமி படித்தார்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. யாரோ விசில் அடித்தார்கள். ருக்குமணிக்குக் காது சுட்டது. அந்த மாடல் தன்னிடம் என்ன காட்டும் என்று அவளுக்கு மனப்பாடம். நானூற்றி இரண்டு. இன்னும் அரை மணி நேரத்தில் பக்கிரிசாமி அதை எல்லார் முன்னாலும் உரக்கப் படிப்பார். பலகையில் அவள் நானூற்றி முப்பத்தேழு, பக்கத்தில் நான் நானூற்றி இரண்டு. அசையாததுதான் முக்கியம் என்று இவர்களுக்குத் தெரியும். ஆனால் பார்க்கிற கண்ணுக்கு என்ன தெரியும்? அந்த விசிலைப் பிறகு யார் திருப்பி எடுப்பார்கள்?

அவள் துண்டை எடுத்து மடித்து நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். போனைக் கண்ணாடியிலிருந்து தூக்கிக் கடைக்குப் பின்பக்கம் ஏர்கான் காற்று நேராக விழும் இடத்தில், ஒரு காலி அட்டைப்பெட்டிமேல் வைத்தாள். மத்தியானமும் இதே இடத்தில் வைத்தால் இதே எண் வராதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இருபத்தொரு வருடம் சூட்டு அறையில் நின்றவளுக்கு அப்படி வராது என்று தெரியும். தெரிந்தேதான் சொல்லிக்கொண்டாள்.

"நானூத்தி நாப்பத்தொண்ணு."

இந்த முறை கைதட்டினார்கள். பக்கிரிசாமி எண்ணை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் எழுதினார். சாஹித், "அக்கா, இத்தனை நாளா இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்று கேட்டான். ராகினி தலையைத் தூக்கிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது பயம் என்று ருக்குமணி எடுத்துக்கொண்டாள். பதினோரு மாதம் வறுபட்ட வயிற்றுக்குள் ஐஸ்கட்டியைப் போட்ட மாதிரி இருந்தது. மற்ற நான்கு போனையும் அப்படியே போட்டாள். நான்கிலும் ராகினியைவிட ஒன்றிரண்டு கூடவே வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மீ கோரெங் நூடுல்ஸைத் தாப்பாவ் பொட்டலமாக வாங்கி, முதல் தடவையாக எதிர்க்கடையைப் பார்த்தபடி, போன் திரை இல்லாமல் நேராகவே பார்த்தபடி சாப்பிட்டாள்.

இரண்டு மணிக்கு மாடி வேறு இடமாகியிருந்தது. உச்சி மாடி, தலைக்குமேல் வெயிலில் காயும் கூரை, சனிக்கிழமைக் கூட்டம். ஏர்கான் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதிலிருந்து வந்தது காற்று மட்டும்தான். அட்டைப்பெட்டிமேல் வைத்த போனின் முதுகு ருக்குமணியின் கைக்கு வெதுவெதுவென்று பட்டது. இப்போது துண்டைப் போட்டாலும் பிரயோசனம் இல்லை. காலை எண்ணைத் துண்டு இல்லாமல் அல்லவா எடுத்துவிட்டாள். ஓடவிட்டாள். பனிமலை வந்தது. கப்பல் கவிழ்ந்தது. பந்துகள் விட்டு விட்டு உருண்டன.

"நானூத்திப் பதினாலு," என்று பக்கிரிசாமி சொன்னார். அவர் குரல் தாழ்ந்திருந்தது. கொஞ்சம் நின்று, "தங்கச்சி, இது சரியா பாரும்மா," என்றார்.

அவள் பார்க்கவில்லை. சரிதான் என்று தலையசைத்தாள்.

எதிரே ராகினி போனைத் தட்டின்மேல் வைத்துவிட்டு, காற்றாடியைத் திருப்பி, வெப்பமானியையே பார்த்துக்கொண்டு இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தாள். காலையில் இருந்த அளவுக்கு அது இறங்கிய பிறகுதான் விரலை வைத்தாள். நானூற்றி முப்பத்திரண்டு. ஐந்து போனிலும் நான்கைந்துக்கு மேல் அசையவில்லை. ருக்குமணியின் ஐந்தும் இருபது, முப்பது என்று சரிந்து கிடந்தன. பலகையைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குத்தான் அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பக்கிரிசாமி எல்லாருக்கும் பொதுவாக நன்றி சொல்லி, அடுத்த மாதத்திலிருந்து ராகினி சீட்டு என்று அறிவித்துவிட்டு, பலகையை அவசரமாகத் துடைத்தார்.

ஆறு மணிக்கு ருக்குமணி கடையை மூடிக்கொண்டிருந்தபோது ராகினி வந்தாள். ருக்குமணி இரும்புக் கதவைப் பாதி இழுத்தபடி நின்றாள். ஆறுதல் சொல்ல வந்திருந்தால் கதவை முழுதும் இழுத்துவிட வேண்டும் என்று நினைத்தாள்.

"அக்கா, இன்டைக்கு ஏன் துண்டு போடேல்லை?"

ருக்குமணி பையிலிருந்து பூட்டை எடுத்தாள்.

"நான் வீட்டில உங்கட மாதிரிச் செய்து பார்த்தனான். விளக்குக்கு மேல கண்ணாடி வைத்து, துண்டு போர்த்தி. ஒரு கிழமை செய்தன். நம்பர் அசையவே இல்லை அக்கா, ஒன்று இரண்டுகூட இல்லை. எனக்கு எப்படிப் பார்த்தாலும் நாலைந்து ஆடுது." அவள் குரலில் சிரிப்பு இல்லை. "உண்மையைச் சொன்னால் எனக்கு உங்களில பொறாமை. நான் நாலு வருசம் படிச்சதை நீங்கள் ஒரு துண்டை வைத்துக்கொண்டு செய்யிறீங்கள். காலமை நீங்கள் அதை மடிச்சு வைக்கேக்க, ஏதோ பெரிசா வைத்திருக்கிறியள் என்று நினைச்சுப் பயந்திட்டன்."

"பழைய துண்டு. நாத்தம் அடிச்சுச்சு," என்றாள் ருக்குமணி.

ராகினி நம்பவில்லை என்று தெரிந்தது. சரி அக்கா என்று சொல்லிவிட்டுப் போனாள். வெள்ளைக் காலணி சத்தம் இல்லாமல் போயிற்று.

பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தது. இரண்டு நிறுத்தம் வரை ருக்குமணிக்கு ஒன்றும் ஓடவில்லை. மூன்றாவதில் மெதுவாக அது உள்ளே இறங்கியது. அவளுக்கு என்மேல் பொறாமை. படித்தவளுக்கு, திரை மாட்டியவளுக்கு, நாலு பாஷை பேசுகிறவளுக்கு. ஒரு வாரம் விளக்கையும் கண்ணாடியையும் துண்டையும் வைத்துக்கொண்டு அவள் வீட்டில் உட்கார்ந்திருந்ததை நினைத்துப் பார்த்தாள். வள்ளிநாயகி, இது என்ன பிள்ளை கூத்து என்று கேட்டிருப்பாள். ருக்குமணிக்குத் தித்தித்தது. சுங்கை பினாங்கில் இறங்கும்போது பஸ்காரரைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

ராமதாஸ் அன்றைக்கு முன்னதாகவே வந்திருந்தார். பனியனோடு உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். என்ன ஆயிற்று என்று கண்ணால் கேட்டார்.

"அவளுக்கு எம்மேல பொறாமையாம். அவளே வந்து சொன்னா."

"அப்ப நீ ஜெயிச்சிட்ட."

"இல்ல."

கோப்பையைக் கீழே வைத்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். விசில், ஏர்கான், அட்டைப்பெட்டி, நானூற்றி நாற்பத்தொன்று, எல்லாம். ராகினி சொன்னதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

"துண்டு போட்டிருந்தா?" என்று கடைசியில் கேட்டார்.

"அசைஞ்சிருக்காது."

"அவ பயந்தது உன் நம்பருக்கு. நீ போய் அவ நம்பரைப் போட்டிருக்க."

ருக்குமணி கோப்பையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, கழுவின கோப்பையையே வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் முதல் தேதி, மூலைக்கடைச் சீனர் ஒரு போனைக் கொண்டுவந்து இவளுடைய அலமாரியின்மேல் வைத்தார். உன் கடையில் வைத்து விற்றுக் கொடு என்றார். முதுகில் புதுச் சீட்டு. வெள்ளை நிறம், ஓரத்தில் மெல்லிய நீலக் கோடு. எண் நேராக, ஒரே அளவில், அச்சடித்த மாதிரி இருந்தது. ருக்குமணி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாவி, கையெழுத்தும் அழகு.